பிளந்து சொன்ன மரம்

மழை நின்ற காலையில் போல்டே முதலில் பார்த்தது தன் காட்டை அல்ல, பக்கத்து லோகார் வீட்டுக் காட்டைத்தான்.

தொழுவத்துக்கு மேலே உலர்புல் ஏற்றும் மேடையில் ஏறி நின்றால் யாவோர்னிக் மலைச்சரிவு முழுக்கத் தெரியும். போன வாரம் வரை அங்கே கறுத்துத் திரண்டு நின்ற காடு இப்போது இல்லை. நாள் கணக்கில் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. கிளைக்குக் கிளை மணிக்கட்டுப் பருமனுக்குக் கண்ணாடி பூசி, கடைசியில் மரங்களை அவற்றின் சொந்தக் கனத்தாலேயே முறித்துப் போட்டிருந்தது. இரவெல்லாம் வேட்டுப் போட்டதுபோல மடார் மடாரென்று கேட்ட சத்தம் அதுதான். ஊசியிலை மரங்கள் பாதி உயரத்தில் தலையிழந்து நின்றன. மற்றவை வேரோடு சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

மேகம் விலகிச் சூரியன் வந்தது. முறிந்த முனைகள், தொங்கிய கிளைகள், தரையில் சிதறிய சுள்ளிகள் என எல்லாம் ஒரே நொடியில் பற்றிக்கொண்டன. மலையே தீபம் ஏற்றியதுபோல நின்றது.

அறுபத்தாறு வயதில் போல்டே அப்படி ஓர் அழகைப் பார்த்ததில்லை. அது லோகார் காட்டில் நடந்திருந்ததால் இன்னும் கொஞ்சம் அழகாக இருந்தது.

"என்னத்த அப்படிப் பாக்குற? மாதா காட்சி குடுக்குறாளா அங்க?" கீழேயிருந்து அவர் மனைவி பாவ்லா கேட்டாள்.

"லோகார் காடு. ஒரு மரம் முழுசா நிக்கல."

"நம்மது மட்டும் கோயில் தூணாட்டம் நிக்குதா? ஓடைப் பக்கம் பாதி போச்சு."

"நம்மது கையளவு. அவனோடது மலை."

"அதுக்கா சிரிக்கிற? ஊரே இருட்டுல கெடக்கு. எறங்கி வா, மாடு கத்துது."

மின்கோபுரங்களே முழங்கால் மடித்து விழுந்திருந்தன. போஸ்தோய்னா பக்கம் முழுக்க மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆகும் என்று ஸ்லோவேனிய வானொலி சொல்லிவிட்டது. டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் ஜெனரேட்டர் ஒன்று போல்டேயிடம் இருந்ததால் அவருடைய மாடுகளுக்குக் கறவை இயந்திரம் ஓடியது. தீயணைப்புக் குழுவின் ஜெனரேட்டர் ஊரின் அந்தக் கோடியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோடிக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கறவை முடிந்ததும் போல்டே தொப்பியை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார். காட்டுக்குள் யாரும் போகக் கூடாது, மேலேயிருந்து கிளைகள் எந்த நேரமும் விழலாம் என்று அதே வானொலி எச்சரித்திருந்தது. அவர் போனது சேதம் கணக்கிட அல்ல. மேடையிலிருந்து பார்த்தபோது சரிவின் நடுவே ஒரு பெரிய தலையைக் காணவில்லை. எந்த மரம் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடச் சொல்லிக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்.

அந்த மண்ணில் அவர் கால் வைத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு வேலியும் இல்லை, எல்லையும் இல்லை, எல்லாம் சாய்ந்து கிடந்தது. விழுந்த மரங்களின் மேல் ஏறி, அடியில் நுழைந்து, வழுக்கும் இடத்தில் கையூன்றிப் போனார். தலைக்கு மேலே உறைந்த கிளைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசி, கோப்பைகள் அடுக்கியதுபோல மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தன.

புக்வா என்று ஊரார் சொல்லும் அந்தப் பீச் மரம் அங்கே இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய மரம். கவட்டையில் ஏறிய பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் உச்சியிலிருந்து அடி வரை பிளந்திருந்தது. ஒரு பாதி கீழே கிடந்தது. மறு பாதி வெள்ளை நெஞ்சைத் திறந்து காட்டியபடி நின்றது.

அந்த நெஞ்சின் நடுவில் ஒரு சிலுவை.

எல்லைக் குறியாகக் கோடாரியால் ஆழமாக வெட்டிய சிலுவை. காயம் பட்ட மரம் அதன்மேல் ஒவ்வொரு வருடமும் ஒரு சுற்றாகப் புது மரம் வளர்த்து, கை அகலத்துக்குப் போர்த்தி மூடியிருந்தது. பட்டையில் வெறும் சுருக்கம் மட்டும் விட்டு வைத்திருந்தது. இப்போது அந்தப் பழைய காயத்தின் வழியாகவே பிளந்திருந்தது. நின்ற பாதியில் சிலுவை குழிந்து கிடந்தது. கீழே விழுந்த பாதியில் அதே சிலுவை அச்சு வார்த்ததுபோலப் புடைத்து நின்றது. பிளவின்மேல் கடைசியாகப் பெய்த மழை மெல்லிய கண்ணாடியாக உறைந்திருந்தது. வெயில் அதன் வழியே நுழைந்து, குறியின் ஒவ்வொரு வெட்டையும் தனித்தனியாகக் காட்டியது.

போல்டே தொப்பியைக் கழற்றினார். கோயிலில்கூட அவர் அவ்வளவு மெதுவாகக் கழற்றியதில்லை.

அவருக்குக் கன்னம் எரிந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லை மரத்தைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது என்பதற்காக இரு வீட்டுப் பெரியவர்களும் தங்கள் பையன்களை அங்கே அழைத்துப் போவார்கள். காரணம் சொல்லாமல், இந்த வீட்டுப் பெரியவர் அந்த வீட்டுப் பையனைக் கன்னத்தில் ஓங்கி அறைவார், அந்த வீட்டுப் பெரியவர் இந்த வீட்டுப் பையனை அறைவார். பிறகு இருவருக்கும் வால்நட் வைத்த ரொட்டி கிடைக்கும். ரொட்டி மறந்துபோகும், அறை வாங்கிய மரம் மறக்காது. லோகார் வீட்டுத் தாத்தா போல்டேயை அறைந்தது இந்தப் புக்வாவின் கீழேதான். மேஷ்னார் வீட்டுத் தாத்தா, அதாவது போல்டேயின் தாத்தா, லோகார் வீட்டு வின்கோவை அறைந்ததும் அதே நாளில், அதே மரத்தடியில்தான். வின்கோ மூக்கு ஒழுக அழுதான்.

அதே வின்கோதான் யூகோஸ்லாவியா காலத்தில், இருபத்திரண்டு வயதில், எல்லைத் தகராறை விசாரித்த நிலக் குழுவின் முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். தான் அறை வாங்கியது இந்த மரத்தடியில் அல்ல, மேஷ்னார் காட்டுக்குள் வெகுதூரம் தள்ளி நிற்கும் வேறொரு புக்வாவின் அடியில் என்று. அந்த மரத்தில் மின்னல் கீறிய தழும்பு ஒன்று இருந்தது. குழுவினர் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்கள். போல்டே சொன்ன சாட்சியம் எடுபடவில்லை. மரம் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் மகன் வேறென்ன சொல்வான்? "என் மரத்தைத் திறந்து பாருங்க, உள்ளே சிலுவை இருக்கு" என்று அப்பா யாகோப் மன்றாடினார். அரசாங்கக் குறி போடாத மரத்தில் கோடாரி பட்டால் அது இன்னொரு குற்றம் என்று காட்டு அதிகாரி சொல்லிவிட்டார். இரண்டு மரங்களுக்கும் நடுவில் இருந்த காடு லோகார் வீட்டுக்குப் போனது. அங்கே யாகோப் அந்தக் குளிர்காலத்தில் வெட்டியிருந்த மரங்கள் திருட்டு மரங்கள் ஆயின.

மேஷ்னார் வீடு என்றால் கோயில் மணியடிக்கும் வீடு. எத்தனை தலைமுறை என்று யாரும் எண்ணியதில்லை. தீர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் மணிக் கயிற்றை வேறொருவர் கையில் கொடுத்தார். யாகோப் அதற்குப் பிறகு கோயிலுக்குள் முன்வரிசைக்குப் போனதில்லை. கதவோரத் தூணுக்குப் பின்னால் நிற்பார். எல்லோருக்கும் முன்னால் வெளியே போய்விடுவார். யாரும் அவரைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவன் பல்லையாவது உடைத்திருக்கலாம். அப்படியே செத்துப்போனார்.

போல்டே குனிந்து, விழுந்த பாதியில் புடைத்திருந்த சிலுவையைக் கையுறையோடு தொட்டார். வெட்டி எடுத்துப் போகலாம். போனால், வீட்டில் உட்கார்ந்து செதுக்கினான் என்பார்கள். மரம் நிற்கிற இடத்தில் நின்று பேசினால்தான் பேச்சு. ஆனால் சட்டப்படி மரம் லோகாருடையது. அவன் நாளைக்கே ரம்பத்தோடு வந்து விறகாக்கினால் தடுக்க ஆளில்லை.

வீட்டு முற்றத்துக்கு அவர் திரும்பியபோது வின்கோ அங்கே நின்றுகொண்டிருந்தான்.

தொப்பி கையில் இருந்தது. முகச்சவரம் செய்யவில்லை. விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. கையால் கறந்திருக்கிறான் என்பது பார்த்ததும் தெரிந்தது. ஒரே வேலி பகிர்ந்த இரண்டு வீட்டுக்காரர்கள் இத்தனை வருடத்தில் பேசிய வார்த்தைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். சின்ன வயதில் 'டா' போட்டு அழைத்தவனை அந்தச் சத்தியம் செய்த நாளிலிருந்து போல்டே 'நீங்க' என்றுதான் சொல்வார், தெரியாத ஊர் அதிகாரியிடம் பேசுவதுபோல.

"ஜெனரேட்டர் வேணும்," என்றான் வின்கோ. "ஒரு வேளைக்கு. இருபதுக்கு மேல மாடு. நானும் இவான்காவும் கையால எவ்வளவுதான் கறக்கறது? மடி கட்டிப் போச்சு. ரெண்டு மாட்டுக்குக் காய்ச்சல் வந்துருச்சு."

"தீயணைப்புக் குழு இருக்கே."

"சிரில்கிட்ட கேட்டேன். நாளைக்குத்தான் வரும்னான்."

"அப்ப நாளைக்கு வரும்."

வின்கோ தொப்பியைத் திருகினான். "போல்டே, உங்ககிட்ட வந்து நிக்கிறது எனக்கு எப்படி இருக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுமே. அதான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமேன்னு பாக்குறேன்."

வாசலில் பாவ்லா வந்து நின்றாள். போல்டே அவள் பக்கம் திரும்பவில்லை.

"தரேன்," என்றார். "அதுக்கு முன்னால என்கூட வாங்க. உங்க காட்டுல ஒண்ணு காட்டணும்."

"இப்பவா? தல மேல விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு பேர் மேலயும் விழும்."

இருவரும் போனார்கள், முன்னால் போல்டே, பின்னால் வின்கோ. சரிவின் திருப்பத்தில் பின்னால் காலடி நின்றுபோனது. போல்டே திரும்பிப் பார்த்தார். வின்கோ அண்ணாந்து நின்றான்.

அந்த இடத்தில் பிர்ச் மரங்கள் முறியவில்லை, வளைந்திருந்தன. இருபுறமும் நின்றவை நுனி தரையைத் தொடும்படி குனிந்து, பாதைக்கு மேலே ஒரு நீண்ட வளைவு கட்டியிருந்தன. ஒவ்வொரு கொம்பும் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது. வெயில் அதற்குள் புகுந்து பச்சையும் செம்மையுமாக உடைந்து, கீழே நின்ற இரண்டு கிழவர்களின் முகத்திலும் சட்டையிலும் விழுந்தது.

"என் காடு மொத்தம் போச்சு," என்றான் வின்கோ. "என் பேரன் காலத்துல கூடத் திரும்பாது. ஆனா பாருங்களேன் இத."

போல்டேயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலையில் மேடைமேல் நின்றபோது அந்த அழகு முழுக்க அவருடையதாக இருந்தது. அதைப் போய் இவனோடு பங்கிட்டுக்கொள்ள நேர்ந்ததே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

"நடங்க," என்றார்.

புக்வாவின் முன்னால் வந்ததும் அவர் ஒதுங்கி நின்றார். காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வின்கோ ஒரு கையுறையைக் கழற்றினான். வீங்கிய விரலைச் சிலுவையின் குழிக்குள் வைத்தான். பனிக்கண்ணாடி உடைந்து உதிர்ந்தது. குழியின் நீளத்துக்கு விரலை ஓட்டினான்.

"உங்க தாத்தாவுக்குக் கை ரொம்ப கனம்," என்றான் கடைசியில்.

"அப்ப ஞாபகம் இருக்கு."

"கன்னத்துல விழுந்தது எங்க போகும்?"

"பின்ன ஏன்?"

"எங்கப்பா சொன்னாரு. மறுத்துப் பேசற வீடா எங்க வீடு? எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு."

"எனக்கும் இருபத்திரண்டுதான். நான் உண்மையச் சொன்னேன்."

மேலே எங்கோ ஒரு கிளை முறிந்து, சரசரவென்று கண்ணாடி மழை பொழிந்தபடி சரிவில் உருண்டது. இருவரும் அசையவில்லை.

"மத்தியானம் தீயணைப்புக் கூடத்துல ஊரே சூப்புக்கு வரிசையில நிக்கும்," என்றார் போல்டே. "அங்க வந்து சத்தமாச் சொல்லுங்க. யாகோப் மேஷ்னார் திருடன் இல்ல. பொய்ச் சத்தியம் பண்ணுனது நான். அவ்வளவுதான். சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர் உங்க வாசல்ல நிக்கும்."

"செத்துப்போன எங்கப்பாவ ஊர் நடுவுல நிறுத்தச் சொல்றீங்க."

"எங்கப்பா உயிரோட நின்னாரு."

வின்கோவின் தாடை இறுகியது. "இது என் மரம். சட்டப்படி என்னோடது. இன்னிக்கே அறுத்து அடுப்புல வச்சா எவன் கேப்பான்?"

"வைங்க. நல்லா எரியும். ஆனா அந்த நெருப்பக் காட்டி மாட்டக் கறக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள மடியெல்லாம் கல்லாயிடும். நான் என் வாசல்ல உக்காந்து உங்க மாடுங்க கத்தறதக் கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்கு அவசரமில்ல. இத்தன வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு சாயங்காலம் பெரிசா?"

சொல்லும்போதே அவருக்கு உடம்பு சூடேறியது. இப்படி ஒரு பேச்சைப் பேசத்தான் இவ்வளவு நாள் உயிரோடிருந்தோம் என்று பட்டது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. முதலில் டிராக்டரின் உறுமல். பிறகு அதற்கு மேலே, சீராக, டிக் டிக்கென்று கறவை இயந்திரத்தின் துடிப்பு. மேஷ்னார் தொழுவத்திலிருந்து அல்ல, லோகார் தொழுவத்திலிருந்து.

வின்கோ காது கொடுத்துக் கேட்டான். போல்டேயின் முகத்தைப் பார்த்தான். விழுந்த மரங்களைத் தாண்டிக் கீழே ஓடத் தொடங்கினான். போல்டே பின்னாலேயே போனார்.

லோகார் முற்றத்தில் அவருடைய டிராக்டர் நின்றது. ஜெனரேட்டர் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. தொழுவத்துக்குள், முழங்கை வரை சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாவ்லா ஒரு பசுவின் மடியை வெந்நீர்த் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். வின்கோவின் மனைவி இவான்கா அடுத்த மாட்டுக்குக் கறவைக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். போல்டே வாசற்படியில் நின்றார். அந்தத் தொழுவத்துக்குள் கால் வைக்க அவரால் முடியவில்லை.

"பாவ்லா. நிறுத்து."

"ஆகட்டும். இன்னும் கொஞ்சந்தான் பாக்கி."

"யாரக் கேட்டு எடுத்துட்டு வந்த?"

"யாரக் கேக்கணும்? அந்த டிராக்டர நானும்தான் ஓட்டுறேன், நானும்தான் கழுவுறேன்." அவள் நிமிர்ந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. "உங்கப்பாவுக்குப் போன பேர மீட்கணும்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்ற. நான் ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லிருக்கேனா? ஆனா மாட்டு மடிய முறுக்கி மீட்ட பேரு எத்தன நாள் நிக்கும்? மேஷ்னார் வீட்டுக்காரன் வாயில்லா ஜீவன வதச்சுச் சாட்சி வாங்குனான்னு நாளைக்கு இந்த ஊரு சொல்லும். அப்ப எந்த மரத்தப் பொளந்து காட்டுவ?"

"உனக்கு என்ன தெரியும்? மேல சிலுவை இருக்கு. கண்ணால பாத்தேன். அவன் ஒத்துக்கிட்டான். இப்ப அவன் போய் அறுத்துருவான். கையில இருந்தத நீ தூக்கிக் குடுத்துட்ட."

"அறுத்தா அறுக்கட்டும். அறுத்தவன்னு பேரு அவனுக்கு."

வின்கோ இருவருக்கும் நடுவே நின்றான். தன் மாடுகளைப் பார்த்தான், பாவ்லாவின் ஈரக் கையைப் பார்த்தான். அவன் முகம் அறை வாங்கியவன் முகம்போல இருந்தது. தொழுவத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

போல்டே வீட்டுக்கு வந்தார். பாவ்லா டிராக்டரை ஓட்டிவந்து நிறுத்தியதைக் கேட்டார், வெளியே வரவில்லை. புளித்த முட்டைக்கோஸ் போட்ட சூப்பை அவள் மேசைமேல் வைத்தாள். அது ஆறி, மேலே கொழுப்பு படிந்தது. அவர் தொடவில்லை. அப்பா இந்த மேசையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். பேசமாட்டார். அந்த முதுகைப் பார்த்துத்தான் போல்டே நிமிர்ந்து நடக்கக் கற்றார். வளைந்தது போதும், இந்த வீட்டில் இனி யாரும் வளையக் கூடாது என்று.

மத்தியானத்துக்குப் பிறகு காட்டுக்குள் ரம்பம் முழங்கியது.

போல்டே எழுந்தார். சுவரில் சாத்தியிருந்த கோடாரி எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. "போல்டே!" என்று பாவ்லா கத்தியது பின்னால் கேட்டது. ரம்பத்தின் சத்தம் நேரே அந்த மரத்தின் திசையிலிருந்துதான் வந்தது. மரத்தை மரமாக விடமாட்டான் என்றால் தானும் அவனை மனிதனாக விடுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினார். வெயிலில் பனி இளகத் தொடங்கியிருந்தது. கிளைகளிலிருந்து கண்ணாடித் துண்டுகள் கழன்று, கலகலவென்று எல்லாப் பக்கமும் விழுந்துகொண்டிருந்தன. காலையில் ஏறிக் கடந்த மரங்கள் இப்போது வழியில் இல்லை. யாரோ இருபுறமும் அறுத்து ஒதுக்கிப் பாதை போட்டிருந்தார்கள். ஊர்ச் சாலையிலிருந்து புதுப் பாதை மேலே போனது.

அதன் முடிவில் தீயணைப்புக் குழுத் தலைவன் சிரில் தலைக்கவசத்தோடு நின்றான். அவனுக்குப் பின்னால் குழுவினர் சிலர், சூப்பு வரிசையிலிருந்து வந்த ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், கோயிலில் பூ வைக்கும் கிழவி ரேஸ்கா. எல்லோருக்கும் முன்னால் வின்கோ ரம்பத்தோடு குனிந்து, புக்வாவுக்கு முன்னால் குறுக்கே கிடந்த கடைசி மரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். சிலுவை அப்படியே இருந்தது.

"கோடாரியக் கீழ வைங்க மாமா," என்றான் சிரில். "அறுக்கற வேலையெல்லாம் முடிஞ்சுது."

வின்கோ ரம்பத்தை அணைத்தான். திரும்பினான். போல்டேயின் கையில் இருந்ததைப் பார்த்தான். காது மூடியைக் கழற்றினான். பிறகு, யாரையும் பார்க்காமல், மரத்தைப் பார்த்தே பேசினான்.

"எல்லாரும் பாத்துக்குங்க. இதுதான் எல்லை மரம். நான் அறை வாங்குனது இங்கதான். அன்னிக்கு வேற மரத்தக் காட்டிச் சத்தியம் பண்ணேன். தெரிஞ்சேதான் பண்ணேன். எங்கப்பாவும் தெரிஞ்சேதான் பண்ணச் சொன்னாரு. யாகோப் வெட்டுனது அவரு சொந்தக் காட்டுல, அவரு சொந்த மரத்த. திருடுனது நாங்க." மூச்சு வாங்கினான். "மண்ண எழுதிக் குடுத்துர்றேன்."

பனி உதிரும் சத்தம் மட்டும் கேட்டது. சரிவு முழுக்க, உயரத்திலிருந்து ஆழம் வரை, வெளிச்சம் துண்டு துண்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கிளைகள் விழுவது நினைவு வந்து திரும்பவும் மாட்டிக்கொண்டான்.

ரேஸ்காதான் முதலில் வாய் திறந்தாள். "நான் அந்த மனுஷனுக்கு வணக்கம் சொல்லாமலே தாண்டிப் போவேன். கோயில் வாசல்ல, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். இனி எப்படிச் சொல்றது?"

"கல்லறை எங்க இருக்குன்னு தெரியும்ல?" என்றார் போல்டே. "நடந்து போங்க. வழியில மரம் ஒண்ணும் விழல."

கிழவி தலையைக் குனிந்துகொண்டாள்.

வின்கோ பாதையில் இறங்கி அவர் அருகே வந்தான். "நீங்க கேட்டதால நான் சொல்லல. கேட்டதுக்குச் சொல்லிருக்கவே மாட்டேன். இத அறுத்துப் போட்டிருப்பேன், உங்க கண் முன்னால. ஆனா உங்க வீட்டம்மா வந்தாங்க, கறந்தாங்க, ஒரு வார்த்த கேக்காம போனாங்க. அத நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?" வலது கையை நீட்டினான். விரல்கள் இன்னும் வீங்கித்தான் இருந்தன. "முடிச்சுக்கலாமா?"

போல்டே அந்தக் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடாரியை இடது கைக்கு மாற்றினார். சிரில் மூச்சை விட்டது கேட்டது. கை கொடுக்கப்போகிறார் என்று நினைத்துவிட்டான். போல்டே வலது கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

"சொன்னது போதும்," என்றார். "மண்ண வாங்கிக்கிறேன், அது எங்கப்பாவோடது. உங்க கை எனக்கு எதுக்கு?"

வின்கோவின் கை சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு தானாகவே இறங்கியது.

"சிரில்," என்றார் போல்டே. "காட்டு ஆபீஸ்காரங்க வந்து, முறிஞ்ச மரத்துக்கெல்லாம் வெட்டச் சொல்லிக் குறி போடுவாங்க. நிக்கிற இந்தப் பாதிக்குக் குறி போடக் கூடாது. ரம்பம் படக் கூடாது. தானா அழுகி விழற வரைக்கும் நிக்கட்டும்."

"நிக்கட்டும் மாமா. நான் சொல்லிடறேன்."

அவர் கீழே இறங்கினார். பாதி வழியில் பாவ்லா மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தாள். அவர் கையில் இருந்த கோடாரியை முதலில் பார்த்தாள், அதன் விளிம்பைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். மேலே நடந்தது அவளுக்குப் பாதி காதில் விழுந்திருந்தது. மீதியை அவர் சொன்னார். கை கொடுக்காததையும் சொன்னார்.

"அது ஒண்ணுதான் உன்னால ஆகல," என்றாள்.

"ஆகாது."

"மனுஷன் மன்னிப்புக் கேட்டுட்டான். ஊர் முன்னால கேட்டுட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு? அவன் சாகணுமா?"

போல்டே நின்றார். மேலே ஆட்கள் கலைந்து இறங்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர்களில் வின்கோவின் குரல் இல்லை. வின்கோவுடைய காட்டில் மிச்சமிருக்கும் மரங்களை இறக்க அந்தப் புக்வாவைத் தாண்டிப் போகும் இந்த ஒரு பாதைதான் இனி வழி. அதையும் அவனே தன் கையால் அறுத்துப் போட்டிருந்தான்.

"ஏன் சாகணும்?" என்றார். "நல்லா இருக்கட்டும். ரொம்ப நாள் இருக்கட்டும். தினமும் இந்த வழியா போகட்டும், தினமும் அதப் பாக்கட்டும்."

பாவ்லா அவர் கையிலிருந்து கோடாரியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.